துப்பாக்கி ஸ்பிரிங்கும் என் மகளும்

காலை பத்தேகால் மணிக்கு, நான் கழற்றிய துப்பாக்கியிலிருந்து ஒரு சின்ன ஸ்பிரிங் துள்ளிப் பறந்தது. சுட்டதும் அடுத்த குண்டைத் தானே ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி அது. குண்டுகளை எடுத்துவிட்டு, துடைத்து எண்ணெய் போடச் சொல்லி நான் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, வேலை பார்த்த ஆபீஸின் துரை கொடுத்திருந்தார்.

பாயை உதறியும் ஸ்பிரிங் கிடைக்கவில்லை. பக்கத்திலிருந்த என் இரண்டு வயது மகள் எதையோ மென்று விழுங்கினாள்.

"ஐயோ, முழுங்கிட்டா!"

"பிஸ்கட்டுங்க அது! கொஞ்சம் நில்லுங்களேன்!" என்று மனைவி கத்தியும் நிற்காமல், குழந்தையோடு ரிக்‌ஷாவில் ஏறினேன்.

டத்தோ கிராமாட் வட்டாரத்து டிஸ்பென்சரியில் டாக்டருக்காகக் காத்திருந்தபோது, மகள் என் மீசையை இழுத்துச் சிரித்தாள். நான் அழுதேன்.

ஒருவழியாக வந்த டாக்டர், குழந்தையை விட்டுவிட்டு என்னையே உற்றுப் பார்த்தார்.

"பிள்ளைக்கு ஒன்னும் இல்லைலா, கிராணியாரே. உங்க குடுமியில சுருள் சுருளா ஏதோ மின்னுது, முதல்ல அதை எடுங்க."