கிடா துலுக்காத ஹெலிகாப்டர்

என் அக்கா சௌந்திரத்தின் புருஷன் காளியப்பன், ஹெலிகாப்டர் வாங்கப் போகிறேன் என்று சொன்னபோது எங்கள் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. எங்கள் எருமப்பட்டிப் பக்கம் மோட்டார் சைக்கிள் வந்தாலே நாய்கள் ஊர் எல்லைவரை துரத்திய காலம் அது. 1964-ம் வருஷம். லாரியில் கிளீனராக ஏறி, டிரைவராகி, சொந்தமாக லாரிகள் ஓட்டிக்கொண்டிருந்த மனுஷனுக்குத் திடீரென்று வானத்தில் ஓட்ட ஒரு வண்டி வேண்டுமாம்.

"எதுக்கு மாமா?" என்றேன்.

"ரோட்டுல ஓட்டிச் சலிச்சுப் போச்சு மாப்பள. ரோடில்லாம ஒருக்காப் போய்ப் பாக்கோணும்."

இவ்வளவுதான் காரணம். இதற்கு மேல் ஒரு காரணம் அவர் சாகும்வரை சொல்லவில்லை.

பெங்களூரில், பயிருக்கு மருந்து தெளிக்கும் கம்பெனி ஒன்று நொடித்துப்போய் தன்னிடமிருந்த இரண்டு சின்ன ஹெலிகாப்டர்களை விற்க நிறுத்தியிருந்தது. என்னையும் கூட்டிக்கொண்டு போனார். ஒன்றில் மூன்று பேர் உட்காரலாம், கல்யாண வீட்டுப் பாத்திரம் மாதிரி பளபளவென்று இருந்தது. இன்னொன்றில் இரண்டே பேர், பெயின்ட் உரிந்து கிடந்தது. கம்பெனிக்காரர் பளபளப்பானதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்க, மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உரிந்ததற்கு அடியில் புகுந்துவிட்டார். வெளியே வந்தபோது முகமெல்லாம் கிரீஸ்.

"மாப்பள, இன்ஜின்லருந்து மேல இருக்கற எறக்கைக்கு பெல்ட்டுலதான் ஓட்டம் போவுது. நம்ம கடலை மில்லு பெல்ட்டாட்டவே! இதுக்கு ஒரு சீக்கு வந்தா எனக்குச் சத்தத்துலயே தெரிஞ்சிரும். அந்தப் பளபளப்புல என்ன போனாலும் எனக்குத் தெரியாது."

அங்கேயே பேசி முடித்துவிட்டார். சந்தையில் மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்ப்பவர்கூட இன்னும் கொஞ்சம் யோசிப்பார். பாதி லாரிகளை விற்றார். பல மாசம் பெங்களூரிலேயே தங்கி ஓட்டப் பழகி, பரீட்சை எழுதி, டில்லியிலிருந்து அனுமதியும் வாங்கினார். நான் அதிர்ச்சியடைவதற்கு ஓய்வே கொடுக்காத மனுஷன்.

கடைசியில் றெக்கைகளைக் கழற்றி, தன் லாரியிலேயே ஏற்றிக்கொண்டு வந்தார். பெங்களூரில் விமான மெக்கானிக்காக இருந்த சேலத்து சூசைமாணிக்கம் கூடவே வந்து, எங்கள் மானாவாரிக் காட்டில் வைத்து எல்லாவற்றையும் பூட்டிக் கொடுத்தார். அக்கா அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. பூட்டி முடித்த அன்றுதான் வாயைத் திறந்தாள்.

"கெடா துலுக்கட்டுமுங்க. அப்புறம் ஏறுங்க. துலுக்கலீன்னா இது இங்கயே கெடக்கட்டும்."

எங்கள் பக்கத்தில் கருப்பணாருக்குக் கிடா வெட்டுவதென்றால், முதலில் அதன் மேல் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். கிடா உடம்பைச் சிலிர்த்து உதற வேண்டும். அதுதான் துலுக்குவது. துலுக்கினால் சாமி சம்மதம் கொடுத்துவிட்டது என்று அர்த்தம். துலுக்காவிட்டால் வெட்டவும் மாட்டார்கள், நினைத்த காரியத்தில் கை வைக்கவும் மாட்டார்கள். மாமாவின் எந்த லாரியும் கிடா துலுக்காமல் ரோட்டில் இறங்கியதில்லை. அதனால் உடனே தலையாட்டினார்.

வெள்ளிக்கிழமை காலையில் ஊரே காட்டில் கூடிவிட்டது. மாலை போட்ட கிடாவை ஹெலிகாப்டருக்கு எதிரே வேப்ப மரத்தில் கட்டினார்கள். பூசாரி சடையன் தண்ணீர் தெளித்தார். கிடா அவரைப் பார்த்தது. மறுபடி தெளித்தார். காலடியில் இருந்த புல்லைக் கடித்தது. ஒரு குடம் தண்ணீரைக் கவிழ்த்த பிறகும் நனைந்த சாக்கு மாதிரி நின்றது. வெயில் ஏறியது. "சாமிக்கு மனசில்லீங்க" என்று சடையன் கையைத் துடைத்துக்கொண்டார்.

மாமாவின் முகம் சுண்டிப்போனது. நேராகப் போய் ஹெலிகாப்டரில் உட்கார்ந்தார். "இன்ஜினை மட்டும் சூடு பண்ணிக்கறேன்" என்றார்.

றெக்கை சுற்ற ஆரம்பித்தது. காற்றென்றால் காற்று, அப்படியொரு காற்று! புழுதி எழும்பியது, தலைத்துண்டுகள் பறந்தன. நனைந்த கிடா அந்தக் காற்றில் விறைத்து, தலையிலிருந்து வால்வரை உதறியது. பெண்கள் குலவை போட்டார்கள். "துலுக்கிருச்சு!" என்று கத்தினார் சடையன். அருவாளும் மேலே போனது.

துலுக்க வைத்தது சாமியல்ல, மாமா! கருப்பணாரையே ஏமாற்றத் துணிந்துவிட்டார் இந்த மனுஷன்.

"வெட்டாதீங்க" என்று ஒரு குரல். அக்கா. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, சுற்றுகிற றெக்கையைப் பார்த்து நேராக நடந்தாள். "குனிங்கம்மா! குனிங்க!" என்று சூசைமாணிக்கம் அலறினார். கடைசி நேரத்தில் குனிந்தாள். இழுத்து வரலாம் என்று பின்னாலேயே குனிந்து ஓடினேன். அதற்குள் அவள் மாமாவுக்குப் பக்கத்துச் சீட்டில் ஏறி, தாலியைக் கையில் பற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"எறங்குடி!" என்றார் மாமா.

"ஏனுங்க, கெடாதான் துலுக்கிருச்சே. சாமி உத்தரவு குடுத்துருச்சே. அப்புறமென்ன பயம்? எடுங்க" என்று இன்ஜின் சத்தத்துக்கு மேல் கத்தினாள்.

மாமா அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எதிரே நின்ற கிடாவைப் பார்த்தார். தன் உயிரை மட்டும் வைத்துத்தான் அவர் சாமியோடு விளையாட நினைத்திருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. இன்ஜினை அணைத்தார்.

றெக்கை மெதுவாகச் சுற்றி நின்றது. மாமா இறங்கினார். அந்த வண்டியில் அவர் பிறகு ஏறவே இல்லை. மறு வருஷம் மருந்து தெளிக்கும் வேறொரு கம்பெனிக்கு அதை விற்றுவிட்டார். அங்கே அது ஒரு குறையுமில்லாமல் பறந்தது என்று கேள்விப்பட்டபோது எனக்கு இன்னொரு அதிர்ச்சி. மாமா மட்டும், "நல்லா பறக்கட்டும்" என்று சொல்லிவிட்டு லாரிக்குக் கிளம்பிப் போனார்.

அந்த வெள்ளிக்கிழமை காட்டிலிருந்து திரும்பும்போது அக்காவிடம் கேட்டேன்: "நீ ஏறினா மாமா எறங்கிருவாருன்னு உனக்கு எப்படிக்கா தெரியும்?"

அவள் கை இன்னும் தாலியை விடவில்லை.

"தெரியாது தம்பி" என்றாள்.