பேரிங் தேடிய வாரம்

தேடல் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில், எல்லாம் கிடைக்கிறவரை நம்மை யாரும் தேட மாட்டார்கள். ஒன்று கிடைக்காவிட்டால் ஓசூரே தேடும். இதில் மாட்டிக்கொண்ட உங்களுக்குச் சொல்லவா வேண்டும்!

பிரசவ லீவு முடிந்து திரும்பிய எனக்கு எங்கள் ஃபேக்டரி ஸ்டோர்ஸின் தேடலைக் கொடுத்தார்கள். அங்கே "பேரிங்-6204/ZZ" என்று எல்லாவற்றையும் ஒரே சொல்லாக ஒட்டி ஏற்றியிருப்பார்கள். ஃபிட்டர் வெறும் 6204 என்று அடித்தால் வராது. பெயரைத் துண்டு துண்டாக நறுக்கிச் சேர்த்து வைக்க நானே ஒரு அனலைசர் எழுதினேன். "சனிக்கிழமைக்குள்ள ஓடணும். இல்லேன்னா பெங்களூர்ல இருந்து ஆளு வரும், நீங்க டைப்பிங்குக்குப் போயிடுங்க" என்றார் மேனேஜர். போய்விடுவேனா?

எழுந்திருக்க மறுத்த சர்வர்

அனலைசர் ஃபைலைப் போட்டு ரீஸ்டார்ட் செய்தேன். சர்வரே எழவில்லை. சர்வர் எழுதிவைத்த லாகை வரி வரியாகப் படித்ததில் பிடிபட்டது: என் கம்ப்யூட்டரில் ஜாவா புதுசு, சர்வரில் பழசு. பழசுக்கு ஏற்ற மாதிரி மறுபடி கம்பைல் செய்து போட்டதும் எழுந்து உட்கார்ந்தது. ஸ்டோர்ஸ் இன்சார்ஜ் கிருஷ்ணப்பா, தளி ஊர்க்காரர், எனக்கு ஆறுதல் சொன்னார்: "விடுங்க மேடம், நம்ம கம்பெனில புதுசா சேர்ந்தவங்க யாரு முதல் நாளே வேலை செஞ்சிருக்காங்க?"

பெட்டி கையில், பதில் பூஜ்யம்

சர்வர் ஓடுகிறது, 6204 மட்டும் இல்லை என்கிறது. கிருஷ்ணப்பா கையிலேயே பேரிங் பெட்டி! ஏற்கெனவே ஏற்றியதெல்லாம் பழைய முறையில் கிடக்கிறது, தேடுவது மட்டும் புது முறையில். அப்புறம் எப்படிப் பொருந்தும்? மொத்தச் சரக்கையும் புதிதாக இண்டெக்ஸ் செய்ய விட்டேன். அது நகர்ந்த வேகத்துக்கு என் பிள்ளை தவழ்ந்தே ராயக்கோட்டை போய்ச் சேர்ந்திருப்பான். வாசலில் காத்திருந்த ஃபிட்டர் பொறுமையிழந்து கிளம்பினார்: "அக்கா, அங்க மெஷின் லைனே நிக்குது. பெட்டியை நான் எடுத்துட்டுப் போறேன், உங்க சர்வருக்குத் தெரிஞ்சதும் ஒரு மிஸ்டு கால் குடுங்க."

பழசுக்குத்தான் முதல் மரியாதை

வியாழக்கிழமை சாயங்காலம் 6204 வந்துவிட்டது. நிம்மதியாக கம்பெனி பஸ் ஏறினேன். வெள்ளிக்கிழமை காலையில் கரண்ட் போய் வந்தது; சர்வர் மறுபடி எழுந்தபோது 6204 காணோம். கான்ஃபிகரேஷனை மேலும் கீழும் பார்த்தேன், தப்பே இல்லை. கடைசியில் ஃபோல்டரைத் திறந்தால் அனலைசர் ஃபைல் இரண்டு! நான் முதலில் சோதனைக்குக் கொடுத்திருந்த, இன்னும் சரியாக நறுக்கத் தெரியாத பழைய ஃபைலையும் நேற்று நான் கிளம்பிய பிறகு கிருஷ்ணப்பா பத்திரமாக அதே இடத்தில் வைத்திருக்கிறார். சர்வர் அதைத்தான் முதலில் எடுத்திருக்கிறது. பழசை வேறு இடத்துக்கு மாற்றி ரீஸ்டார்ட் செய்தேன், 6204 வந்தது. கிருஷ்ணப்பாவுக்கு மட்டும் மனசு ஆறவில்லை: "ஸ்டோர்ஸ்ல பழசுதான் மேடம் முதல்ல வெளிய போகணும், உங்க சர்வர் ரூல்படிதானே நடந்திருக்கு!"

சனிக்கிழமை

மேனேஜர் வந்தார். என்னை நகரச் சொல்லிவிட்டு அவரே அடித்தார். ஒன்று, அப்புறம் இன்னொன்று. எல்லாம் வந்தது. வேண்டுமென்றே பாதி நம்பரோடு நிறுத்திப் பார்த்தார். முகம் பார்த்தே புரிந்துகொள்ளும் என் மகனைப் போல அதுவும் அவருக்கு வேண்டியதைக் கொண்டுவந்து நீட்டியது. நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். "பெங்களூர்ல இருந்து ஆள் வேணாம்மா. திங்கக்கிழமை நீங்களே பெங்களூர் போயி அங்க இருக்கிற ஸ்டோர்ஸுக்கும் இதைப் போட்டுக் குடுத்துடுங்க."

ஆக, நம் தொழிலில் ஒரு ரிப்பேரை விடாமல் முடித்ததற்குக் கிடைக்கிற ஒரே பரிசு, இன்னும் கொஞ்சம் தூரத்தில் இருக்கிற அடுத்த ரிப்பேர்தான்.