கனடாவின் ஒற்றைப் புள்ளிகளை நான் வெட்டிய கதை

மறைமலை நகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் பதினோரு வருடம் தரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆள்குறைப்பு வந்தபோது என் தரத்தையும் பார்த்து, எடுத்து வெளியே வைத்துவிட்டார்கள். நாற்பதைத் தொட இரண்டு வருடம் பாக்கி.

தாம்பரம் சானடோரியத்தில் ஒரு பேக்கரியின் மாடியில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். கனடா வானொலியில் வரும் ஃபுட்பால் வர்ணனையைக் கேட்டுத் தட்டச்சு செய்து, பக்கத்தில் புள்ளிக் கணக்கும் போட்டு அனுப்பும் வேலை.

"ஃபுட்பால் தெரியுமா சார்?" என்றார் மேலாளர். என்னைவிடப் பத்து வயது இளையவர்.

"சின்ன வயசுலேருந்து சார். கோல்கீப்பர்."

பொய் இல்லை. என்னை ஓடவிட்டால் தோற்றுவிடுவோம் என்று தெருப் பையன்கள் கோலில் நிறுத்தியிருந்தார்கள். ஜூனில் தொடங்கும் சீசன் நவம்பரில் இறுதிப் போட்டியோடு முடியும். அதுவரை தற்காலிகம், ஒழுங்காகச் செய்தால் அப்புறம் நிரந்தரம் என்றார். வீட்டில் மனைவியிடம் முதல் பாதியைச் சொல்ல மறந்துவிட்டேன்.

முதல் நாள் காதில் ஹெட்செட், மேஜைக்கடியில் ஒலிப்பதிவை நிறுத்தவும் ஓட்டவும் ஒரு பெடல். ஐந்தாவது நிமிடத்தில் ஒருவன் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினான். விசில் ஊதுவார்கள் என்று காத்திருந்தேன். ஊதவில்லை. நாலு பேர் அவன் மேல் விழுந்தார்கள். அதற்கும் ஊதவில்லை. கூட்டம் கைதட்டியது. எனக்கு ஏசியில் வியர்த்தது. எனக்குத் தெரிந்த ஃபுட்பாலில் இங்கே மிச்சம் இருந்தது பெடலை மிதித்த என் கால் மட்டும்தான்.

அந்த வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்கு ஓடினேன். ஓடாத மிக்சிக்கும் கிளிக்கூண்டுக்கும் நடுவில் தெய்வம்போல ஒரு புத்தகம் கிடந்தது: அமெரிக்க ஃபுட்பால் விதிமுறைகள். அமெரிக்காவும் கனடாவும் பக்கத்துப் பக்கத்து வீடு. தாம்பரத்துக்கு ஒரு கபடி, செங்கல்பட்டுக்கு ஒரு கபடியா இருக்கிறது? மின்சார ரயிலில் நின்றுகொண்டே அதை மனப்பாடம் செய்தேன்.

ஒரே மாதத்தில் அலுவலகத்தின் ஃபுட்பால் பேராசிரியர் ஆகிவிட்டேன். பழைய தரப் பரிசோதகர் வேறு. மற்றவர்கள் அடித்ததைச் சரிபார்க்கும் வேலையை மேலாளர் என்னிடமே கொடுத்தார். பந்தை முன்னே நகர்த்த ஓர் அணிக்கு நான்கு முயற்சி என்றது புத்தகம். இவர்களோ மூன்றாவதிலேயே உதைத்துக் கொடுத்துவிட்டார்கள். அவசரக்காரர்கள் என்று மன்னித்தேன்.

மன்னிக்க முடியாதது ஒற்றைப் புள்ளி. 'டச்டவுன்' என்ற பெரிய ஆறு புள்ளிக்குப் பிறகு உபரியாக ஒன்று வரலாம். மற்றபடி ஒன்று என்பதே கிடையாது. புத்தகத்தில் தெளிவாக இருந்தது. எங்கள் தட்டச்சில் மட்டும் வாரத்துக்கு நாலைந்து ஒன்றுகள் தனியாக வந்து உட்கார்ந்தன. வெட்டினேன். மொத்தத்தையும் அதற்கேற்பத் திருத்தினேன்.

என் பக்கத்து இருக்கைப் பெண் கோவளத்து மீனவக் குடும்பம். அலுவலகத்திலேயே வேகமான விரல்கள் அவளுடையவை.

"அண்ணா, நான் போட்ட ஒண்ண காணோமே?"

"தப்புமா அது. தனியா ஒத்தப் புள்ளி கெடையாது."

"அந்தாளு ஒண்ணு ஒண்ணுன்னு தொண்ட கிழிய கத்திகினு கீறான்ணா."

"அவன் கத்துவான். புக்குல இல்ல."

"நீதான் ஆடுன மாரி பேசு" என்று ஹெட்செட்டை மாட்டிக்கொண்டாள்.

தொழிற்சாலையில் ஒரு பாகத்தை ஒதுக்கினால் எந்தத் தட்டு, எத்தனை மணி, என்ன கோளாறு என்று சிவப்பு மையில் எழுத வேண்டும். அந்தப் பழக்கம் விடவில்லை. ஒரு டைரியில் எந்த ஆட்டம், எத்தனையாவது நிமிடம், எந்த அணியின் ஒன்று என்று வெட்டியதையெல்லாம் எழுதிவைத்தேன். நிரந்தரமாக்கும் நாளில் மேலாளர் முன் விரித்துக் காட்டினால் மனிதர் அசந்துபோவார் என்பது திட்டம்.

நவம்பரில் அசந்தார். எங்கள் முடிச்சூர் தெருவில் முழங்கால் தண்ணீர். பேண்ட்டை மடித்துக்கொண்டு அலுவலகம் வந்து சேர்ந்தால், மேலாளர் கையில் கனடாவிலிருந்து வந்த கடிதம். சீசன் முழுக்கப் புள்ளிக் கணக்கு உதைக்கிறதாம். ஓர் ஊர் அணி ஒரே ஒரு புள்ளியில் ஜெயித்த ஆட்டத்தை நாங்கள் சமன் செய்துவிட்டோமாம். மூன்று நாளில் வரும் இறுதிப் போட்டிக்குள் சரிசெய்யாவிட்டால் ஒப்பந்தம் இல்லை.

"ஒத்தப் புள்ளியா பார்த்து எடுத்திருக்காங்க. டைப் பண்ணது இவங்க. இவங்க பேர்லதான் ஃபைல் போயிருக்கு" என்று மேலாளர் பக்கத்து இருக்கைப் பெண்ணைப் பார்த்தார்.

நான் பெடலைப் பார்த்தேன். ஜன்னல் வழியாகக் குதித்தால் பேக்கரிக்காரரின் தகரக் கூரை தாங்குமா என்று மனசுக்குள் தரம் பார்த்தேன், தாங்காது.

"நான் ஒண்ணு ஒண்ணா கரீட்டா போட்டேன் சார். அப்பாலதான்..." என்று ஆரம்பித்தவள் என்னைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

அவள் சொல்லி முடித்திருந்தால் மறுத்திருப்பேனோ என்னவோ. நிறுத்தியதுதான் தாங்கவில்லை.

"நான்தான் சார்!" என்று எழுந்தேன். கால் பெடலில் பட, ஹெட்செட் செருகாததால் ஸ்பீக்கரில் கனடாவே ஆரவாரம் செய்தது. திறந்த வாய் மூடவில்லை. வெட்டியது நான், ஆட்டம் தெரியாது, கோல்கீப்பர் என்றது தெருவில், மனைவியிடம் நிரந்தரம் என்று சொல்லியிருக்கிறேன், டீ போடும் பேன்ட்ரியில் பிஸ்கட் குறைவதும் என்னால்தான்.

"பிஸ்கட்ட நான் கேக்கல சார்" என்றார் மேலாளர். "அந்த புக்க காட்டுங்க."

காட்டினேன். அட்டையில் நட்சத்திரக் கொடி.

"கனடா கொடியில இலைதான சார் இருக்கும்?"

அப்புறம்தான் கடிதத்தோடு வந்திருந்த விதியைப் படித்தோம். உதைத்த பந்து எதிரணியின் கடைசிப் பகுதிக்குள் போய், அவர்களால் வெளியே கொண்டுவர முடியாவிட்டால் உதைத்தவர்களுக்கு ஒன்று.

"இது நம்ம கபடில போனஸ் கோட்ட தாண்டுனா குடுக்குற பாயிண்ட் மாரிதாண்ணா" என்றாள் அவள். "எவனையும் தொட வேணாம், அவ்ளோ உள்ள போனதுக்கு ஒண்ணு. இதுக்கா அஞ்சு மாசம் பேஜார் பண்ண?"

சீசன் முழுவதையும் மறுபடி கேட்க மூன்று நாளில் முடியாது. மேலாளர் தலையைப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் டைரி ஞாபகம் வந்தது. எடுத்து நீட்டினேன். பக்கம் பக்கமாக, வெட்டிய ஒவ்வொரு ஒன்றும் சிவப்பில், நிமிடம் தவறாமல்.

"இத எதுக்கு சார் எழுதினீங்க?"

"நிரந்தரம் பண்றப்ப காட்டலாம்னு..."

மேலாளர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியதை மட்டும் பார்த்தேன்.

நான் வாசிக்க, அவள் அடிக்க, மூன்று நாளில் கனடாவின் புள்ளிகள் அத்தனையும் ஊர் திரும்பின. ஒப்பந்தம் பிழைத்தது. நிரந்தரம் அடுத்த சீசனுக்குப் போனது. அவள் சரிபார்ப்பவள், நான் தட்டச்சு என்று நாற்காலிகள் இடம் மாறின. வீட்டில் உண்மையைச் சொன்னேன். "தெரியும். நிரந்தரமானவன் தினமும் ஃபுட்பால் புக்க தலகாணிக்கு அடியில வெச்சுப்பானா?" என்றாள் மனைவி.

இறுதிப் போட்டி ஒலிப்பதிவு செவ்வாய்க்கிழமை வந்தது. அங்கே பனி, இங்கே மழை. ஒருவன் ஓங்கி உதைத்தான், பந்து கடைசி வரை போனது, யாரும் கொண்டுவரவில்லை, வர்ணனையாளர் கத்தினார். நான் பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டுக் கையைத் தூக்கினேன்.

"இன்னாண்ணா?"

"ஒண்ணு வந்திருக்கும்மா."

"வந்தா போடு."

போட்டேன். கை தானாக மேஜை இழுப்பறையைத் திறந்து சிவப்புப் பேனாவைத் தேடியது.

"அத மூடு மொதல்ல" என்றாள்.