பெரிய மனிதர் கொடுத்த தைரியம்

உத்தியோகத்தைத் தேர்ந்தெடுக்க மாணவர்களுக்குத் தைரியம் போதவில்லை என்று எங்கள் கல்லூரிக்குத் திடீரென்று கவலை வந்துவிட்டது. பி.எஸ்ஸி. கடைசி வருஷம் படித்த எங்களை, ஆளுக்கொரு ஓய்வுபெற்ற அதிகாரியிடம் அனுப்பிவைத்தார்கள். எனக்கு வாய்த்தவர் மல்லேஸ்வரத்தில் இருந்தார். சமஸ்தானத்தில் எல்லாப் பதவியும் பார்த்து முடித்துவிட்டு, உபதேசம் செய்ய ஆள் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்த மகானுபாவர்.

கூத்தைக் கேளுங்கள். சொந்தமாக முடிவெடுக்கக் கற்றுக்கொள்ளப் போகிற பிள்ளையை அப்பா கூட்டிக்கொண்டு போகவேண்டுமாம்! பெரிய மனிதரை வெறுங்கையோடு பார்க்கலாமா என்று என் கையில் ஓர் எலுமிச்சம்பழம் வேறு. என் கணக்கோ வேறு. கன்டோன்மென்டில் ஒரு மோட்டார் பட்டறையில் என்னைச் சேர்த்துக்கொள்ளச் சம்மதித்திருந்தார்கள். திங்கட்கிழமை போகாவிட்டால் அந்த இடம் வேறொருவனுக்கு. அப்பாவிடம் இதைப் பற்றி நான் மூச்சே விடவில்லை.

"தயங்காதே. உன் மனசுல இருக்கறதைத் தைரியமாச் சொல்லு" என்றார் பெரியவர், பழத்தை வாங்கிக்கொண்டு.

சொன்னேன்.

அவ்வளவுதான், கொடுத்த தைரியத்தை அந்த நிமிஷமே திரும்ப வாங்கிக்கொண்டார். "மோட்டாரா? பேடப்பா, பேட! வேண்டவே வேண்டாம். கையில கிரீஸைப் பூசிண்டு நிக்கறதுக்கா பி.எஸ்ஸி.? ரெவின்யூ ஆபீஸ்ல நான் ஒரு வார்த்தை சொல்றேன்" என்று அப்பாவிடம் பேச ஆரம்பித்தார். நான் ஒருவன் அங்கே இருப்பதே அவருக்கு மறந்துவிட்டது. அப்பாவும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ரெவின்யூ ஆபீஸ் வேண்டாம், ஸார். திங்கட்கிழமை பட்டறைக்குத்தான் போகப்போறேன்."

பெரியவருக்கு முகம் சிவந்துவிட்டது. உள்ளேயிருந்து தம் மகனைக் கூப்பிட்டார். முப்பத்தைந்து வயதிருக்கும், காதோரம் நரை, அதே ரெவின்யூ ஆபீஸில் நல்ல உத்தியோகம். மேல்துண்டைச் சரிசெய்துகொண்டே வந்து நின்றார்.

"இவனுக்குச் சொல்லு. என் பேச்சைக் கேட்டு நீ என்ன கெட்டாப் போயிட்டே?"

மகன் என்னைப் பார்த்தார். பிறகு தகப்பனார் பக்கம் திரும்பினார்.

"என்ன சொல்லட்டும், அப்பா?"

கேலி இல்லை. நிஜமாகவே கேட்டார். சிரித்திருக்க வேண்டியவன் நான்; எனக்குப் பயமாக இருந்தது.

என் அப்பா தலையாட்டுவதை நிறுத்தியிருந்தார். அந்த மகனையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்தார். "நாங்க வரோம்" என்றார். வீதிக்கு வந்ததும் என்னிடம் ஒன்றுதான் கேட்டார்.

"திங்கக்கிழமை எத்தனை மணிக்குடா அங்க இருக்கணும்?"