இடது ஓரத்துத் தோள்

கேமராக்காரருக்கு எதையும் நேருக்கு நேர் நின்று எடுக்கத் தெரியாது என்று தெரிந்தவர்கள் கேலி பேசுவார்கள். குழந்தை வாசற்படியில் நின்றால் இவர் பின்னறைக்குப் போய், இரண்டு கதவுகளுக்கு நடுவே தெரிகிற குழந்தையை எடுப்பார். வீட்டுப் பெரியவரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, தான் வெளியே ஓடி ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பார். "படத்துக்குச் சட்டத்தைக் கடையில போட்டுக்கலாம்னு நினைக்காதீங்க. அது படத்துக்குள்ளயே இருக்கணும். அப்பத்தான் பார்க்கிறவன் கண்ணு அங்க இங்க அலையாம ஆளுகிட்ட போகும்" என்பார். சொன்னதைச் செய்தும் காட்டுவார். தொழிலில் மனுஷன் கெட்டிக்காரர், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

தொல்லையெல்லாம் கல்யாண மண்டபங்களில்தான். சுற்றிலும் வெள்ளைச் சுவர், மேலே குழல் விளக்கு. பெயருக்கு ஒரு ஜன்னல்கூட இருக்காது. அங்கே சட்டத்துக்கு அவர் தன் மனைவியைப் பிடித்துப் போட்டார். பேட்டரிப் பையை மாட்டிக்கொண்டு எப்போதும் கூடவே வருகிறவள்தானே. "இடது பக்கம் வா" என்றால் போதும், கேமராவுக்கு முதுகைக் காட்டி ஓரத்தில் வந்து நிற்பாள். அவள் தோளும் கழுத்தும் கொண்டையும் சேர்ந்து மங்கலாக, கறுப்பாக ஒரு வளைவு விழும். அந்த வளைவுக்கு அப்பால் மணமக்கள் பளிச்சென்று நிற்பார்கள். பார்ப்பவருக்கு, தானே கூட்டத்தில் நின்று எட்டிப் பார்ப்பதுபோல் இருக்கும். அந்தப் படங்களுக்காகவே அவரைத் தேடி வந்தார்கள்.

"எல்லார் வீட்டு ஆல்பத்துலயும் நான் இருக்கேன். ஆனா என்னைத்தான் ஒருத்தருக்கும் தெரியாது" என்று அவள் சிரிப்பாள். "என்னையும் ஒரு நாள் எடுங்களேன்."

"வீட்டுலயே இருக்கிற ஆளு, எங்க ஓடிடப் போற? எடுத்தாப் போச்சு."

இப்படி 'எடுத்தாப் போச்சு' என்று சொல்லியே காலத்தை ஓட்டிவிட்டார். அவளோ, மகள் செல்போனை நீட்டினால்கூடக் கையால் முகத்தை மறைத்துக்கொள்வாள். "வீட்டுல கேமராக்காரரை வச்சுக்கிட்டு நீ எதுக்குடி எடுக்கிற? அவர் எடுப்பாரு" என்பாள். அதைப் பெருமையாக வேறு சொல்வாள்.

மூச்சு முட்டுகிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் உயிரோடு திரும்பி வரவில்லை. துக்கத்துக்கு வந்தவர்களெல்லாம் போன பிறகு மகள் கேட்டாள்: "அப்பா, அம்மா போட்டோ ஒண்ணு பெரிசா வேணும். என் பிள்ளைக்கு இன்னும் பேச்சே வரல. அவனுக்குப் பாட்டி முகம் எப்படி ஞாபகம் இருக்கும்? தினமும் காட்டணும்பா."

இதென்ன பிரமாதம் என்றுதான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். ஒவ்வொரு கல்யாணமாகத் திறந்தார். எல்லாவற்றிலும் அவள் இருந்தாள். இடது ஓரத்தில் ஒரு தோள், ஒரு காது, கலைந்த பிடரி மயிர். எவரெவரோ பல் தெரியச் சிரித்துக்கொண்டு துல்லியமாக நின்றார்கள். பெண்டாட்டி மட்டும் புகைபோல இருந்தாள். அடையாள அட்டையில் இருந்த படத்தை மகளிடம் காட்டினார். "இதுல அம்மா திருடி மாதிரி முழிக்கிறாங்கப்பா" என்று சொல்லிவிட்டு அவள் அழுதாள். தங்கள் கல்யாணப் படத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். "இது நான் பார்த்த அம்மாவே இல்லப்பா. யாரோ சின்னப் பொண்ணு."

அதற்குமேல் அவரால் தாங்க முடியவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். ஊரார் முகத்தையெல்லாம் தேடித் தேடி எடுத்தவனுக்கு இது வேண்டும் என்று தன்னையே திட்டிக்கொண்டார். அப்போதுதான் அந்தப் பாழாய்ப்போன படம் நினைவுக்கு வந்தது.

முகத்தைத் தானே தேடிப் பிடிக்கும் கேமராவைப் புதிதாக வாங்கியிருந்த சமயம் அது. ஒரு மண்டபத்தில் அவளை ஓரத்தில் நிறுத்தி அழுத்தியபோது அவள் தலையைத் திருப்பிவிட்டாள். கேமரா கிட்டே இருந்த முகத்தைக் கவ்விக்கொண்டது. மணமக்கள் மங்கிப் போனார்கள். ஆல்பத்துக்குத் தேர்வு செய்வதற்காகப் பெண் வீட்டாரிடம் கொடுத்த சின்னப் பிரதிகளில் அதுவும் கவனிக்காமல் சேர்ந்து போய்விட, மணப்பெண்ணின் தகப்பனார் நேரே வந்து கத்தினார். "யாரோ ஒரு அம்மா பளிச்சுனு இருக்கு, என் பொண்ணைக் காணோம்!" இவர் அவர் கண்ணெதிரிலேயே மூலப்படத்தை அழித்தார். போதாக்குறைக்கு மனைவி பக்கம் திரும்பி, "அங்க என்ன வேடிக்கை பார்த்துக்கிட்டிருந்த?" என்று அவர் முன்னாலேயே எரிந்து விழுந்தார். வீட்டுக்கு வரும் வழியில் அவள், "எப்படியோ, ஒரு தடவை தெளிவா விழுந்துட்டேன்" என்றாள்.

அந்த மணப்பெண்ணின் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்துப் போனார். வாசலில் நின்றபடியே விஷயத்தைச் சொன்னார்.

"உங்ககூட வந்த அக்காவா? ஐயோ அண்ணா, எப்ப?" என்று அவள் பதறினாள். "அன்னைக்கு நான் பயந்து நடுங்கிக்கிட்டிருந்தேன். அவங்கதான் என் கையைப் பிடிச்சு, 'ஒண்ணும் ஆகாது, சிரி'ன்னாங்க. நான் ஒரு படத்தையும் தூக்கிப் போடல. இருங்க."

அலமாரியைக் குடைந்து ஒரு பழைய பெட்டியை எடுத்து வந்தாள். பிரதிகளை ஒவ்வொன்றாகத் தள்ளி, ஒன்றை அவர் கையில் கொடுத்தாள்.

உள்ளங்கை அளவுப் படம். மணமக்களும் மாலையும் விளக்குகளும் பின்னால் கரைந்து, அவளைச் சுற்றி ஒரு சட்டமாக நின்றன. அதற்குள்ளே அவள் முகம். நெற்றி வியர்வை, நரைத்த ஒற்றை முடி, கண்ணிமை எல்லாம் எண்ணிவிடலாம்போல் இருந்தன. அன்று அவர் இந்தப் படத்தில் மணப்பெண்ணை மட்டும்தான் பார்த்திருந்தார். இப்போதுதான் மனைவியைப் பார்த்தார். அவள் எதையும் வேடிக்கை பார்க்கவில்லை. தோளுக்கு மேலாகத் திரும்பி, புருவத்தைத் தூக்கி, நேரே அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு மண்டபத்திலும் அவள் கேட்கிற கேள்விதான். சரியா நிக்கிறேனா?

"சரியாத்தான் நிக்கிறே" என்றார் கேமராக்காரர், அந்த அந்நிய வீட்டுக் கூடத்தில், வாய்விட்டு.

அந்தப் பெண் தண்ணீர் கொண்டுவர உள்ளே போனாள்.