அடுக்கடுக்காகப் பார்த்த வெளிச்சம்

ஜாக்கெட் கொக்கியை மாட்டும்போது இடது மார்பில் புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. வலி இல்லை.

என் கணவர் தாமஸ் மைசூர் மைன்ஸ் என்ற தங்கச் சுரங்கத்துக்குள் வேலை செய்துகொண்டிருந்தார். மறுநாளே ஷிப்டுக்கு லீவு சொல்லிவிட்டு எங்கள் ஊர் மாரிகுப்பத்திலிருந்து என்னைப் பெங்களூருக்கு ரயிலில் அழைத்துப் போனார். அங்கே ஆஸ்பத்திரியில் புற்று என்று தெரிந்ததும், கட்டியோடு அக்குளிலிருந்த நிணநீர்க் கணுக்களையும் (உடலில் ஊறும் நீரை வடிகட்டும் சிறு முடிச்சுகள்) எடுத்தார்கள்.

“நோய் பரவினா முதல்ல அங்கதான் போய்த் தங்கும்,” என்றார் டாக்டரம்மா. “ஒரு கணுவுல சந்தேகம். சாதாரண மைக்ராஸ்கோப்புல பிடிபடல. ஒரு ஆராய்ச்சி நிலையத்துல லேசர் மைக்ராஸ்கோப் இருக்கு. அங்க அனுப்பியிருக்கேன்.”

“அது இன்னா பண்ணும் டாக்டர்?” என்றார் தாமஸ்.

“புற்று செல்கள் மட்டும் ஒளிர்ற மாதிரி சாயம் ஏத்தி, அடுக்கடுக்கா பாக்கும்.”

“மைன்ஸுல லெவல் லெவலா எறங்கிப் பாக்குறாப்பல.”

“ஆமா.”

ஊர் திரும்பினோம். ரயில் சன்னலில், தங்கம் பிரித்தபின் கொட்டிய மண்ணாலான சயனைடு மேடுகள் வெயிலில் வெளுத்து மிதந்தன. என் உடம்பின் ஒரு துண்டு மட்டும் பெங்களூரில் தனியாகக் காத்திருந்தது. காத்திருப்பவர்களுக்குத் தெரியும், அந்த நாட்களில் காது பாதிதான் கேட்கும்.

நானே பார்க்க வேண்டும் என்று கேட்டேன். டாக்டரம்மா ஏற்பாடு செய்தார். மறுபடி பெங்களூர்; அந்த ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு இருண்ட அறை. திரையில் கருப்பு. ஆய்வாளர் எதையோ திருப்பத் திருப்ப, ஆழத்திலிருந்து பச்சைப் பொட்டுகள் மெல்ல எழுந்து வந்தன, பனியில் தெருவிளக்குகள் தெரிவதுபோல. அழகாக இருந்தன. அதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது.

“பரவியிருக்கு,” என்றார் டாக்டரம்மா. “கொஞ்சம்தான். ஆனா மருந்து ஏத்தணும்.”

சுவரைப் பார்த்து நின்ற தாமஸ் திரும்பினார். “தள்ளு மேரி, நானும் பாக்கறேன்.” வெகுநேரம் குனிந்திருந்தார். “இத்தினூண்டுதான?” என்றார்.

கீமோதெரபி (ரத்தக் குழாய் வழியே ஏற்றும் புற்று மருந்து) நடந்த மாதங்கள் ஒரே மதியமாக நினைவில் இருக்கின்றன. முடி உதிர்ந்தது. கஞ்சியில் இரும்பு ருசித்தது. கண்மூடினால் பச்சைப் பொட்டுகள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டிருந்தன.

வருடங்கள் ஆகிவிட்டன. நோய் திரும்பவில்லை. இடது அக்குளில் இன்னும் உணர்ச்சி இல்லை. அங்கே சோப்புப் போடும்போது வேறொருத்தியைக் குளிப்பாட்டுவதுபோல் இருக்கிறது. அவளை நான் அவசரப்படுத்துவதில்லை. வெந்நீர் ஆறினால் ஆறட்டும்.