எக்ஸ்ரே அத்தையின் முதல் அடி

"மூச்ச இழுத்துப் பிடிங்க... அப்படியே... அசையாதீங்க... ஆச்சு, விட்டுடுங்க."

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்று பொத்தானை அழுத்தும்போது அத்தையும் தன் மூச்சைப் பிடித்துக்கொள்வார். அவர் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. "நான் பிடிச்சாத்தான் அவங்களால எவ்வளவு நேரம் தாங்க முடியும்னு எனக்குத் தெரியும்" என்பது அவர் கட்சி. இத்தனை வருஷமாக ஊர்ப்பட்ட நெஞ்சுகளுக்காக மூச்சைப் பிடித்துப் பிடித்து, இப்போது சும்மா உட்கார்ந்திருக்கும்போதுகூட நடுநடுவே மூச்சு நின்றுவிடுகிறது. வீட்டில் அவருடைய அண்ணி பதறிப்போய் முதுகைத் தட்டுவாள்.

அது ஒரு நடுத்தர மருத்துவமனையின் அடித்தளம். கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு, சுவரில் தொங்கும் ஈயக் கவசம், கோடையிலும் ஜில்லென்று இருக்கும் மேசை. ஜன்னல் கிடையாது. படம் திரையில் விழுந்ததும் முதலில் பார்ப்பவர் அத்தைதான். நல்லதோ கெட்டதோ, பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிடும். ஆனால் சொல்லக்கூடாது. சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே நோயாளிகள் அத்தையின் முகத்தைப் பார்த்துக் கேட்பார்கள்: "ஒண்ணும் இல்லதானே சிஸ்டர்?"

"டாக்டர் சொல்லுவாரு."

அவ்வளவுதான். தலைகீழாய் நின்றாலும் அதற்கு மேல் ஒரு சொல் வராது. கெட்ட படம் விழுந்த நாளில் மட்டும் அவர்களைக் கதவுவரை கொண்டுபோய் விட்டுவிட்டு வருவார்.

மதிய இடைவேளையில் இதே மனுஷியைப் பார்க்கவேண்டும். அடித்தளத்தில் போனுக்குச் சிக்னல் கிடையாது. ஜெனரேட்டர் பக்கத்துப் படிக்கட்டில்தான் உயிர் வரும். அங்கே டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கையில் சாப்பாடும் மறு கையில் போனுமாக உட்கார்ந்தால், அதுவரை பூட்டிக்கிடந்த வாய் திறந்துகொள்ளும்.

"இதுக்குப் பேரு மதிலா? கோழி தாண்டிடும் இத!"

"தானியத்த எல்லாம் ஒரே கிடங்குல கொட்டி வெச்சிருக்கீங்களே, திருடனுக்குக் கஷ்டமா இருக்கக்கூடாதுன்னா?"

ஆளுக்கொரு ஊர் கட்டி, மதில் எழுப்பி, படை திரட்டி, அடுத்தவன் ஊரைக் கொள்ளையடிக்கிற இணைய விளையாட்டு அது. எங்கெங்கோ இருந்து ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே வரைபடத்தில் மோதிக்கொள்கிறார்கள். அத்தை சேர்ந்திருக்கும் கூட்டணியில் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது இவர் பொறுப்பு. விளையாட்டில் அவர் பெயர் 'எக்ஸ்ரே அத்தை'. அண்ணன் பிள்ளைகள் கூப்பிடுகிற பெயரையே அங்கேயும் வைத்தார். இப்போது முகம் தெரியாத எத்தனையோ பேருக்கு அத்தை. சமீபத்தில் புதிதாய் வந்த ஒருவரைத் "தம்பி, தம்பி" என்று விரட்டி வேலை வாங்கியிருக்கிறார். கடைசியில் அந்தத் தம்பி, "அத்தை, எனக்குப் பேத்திக்கே கல்யாணம் ஆயிடுச்சு" என்றாராம். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். அன்றிலிருந்து அவர் "அண்ணே" ஆகிவிட்டார். அவர் மட்டும் இவரை அத்தை என்பதை விடவில்லை.

புதியவர்களின் ஊரைக் கொஞ்ச நாளைக்கு யாரும் தாக்க முடியாது. அந்தப் பாதுகாப்புக்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர் குடை. குடை விழுந்த அன்றே, கழுகுகள் என்று இவர்கள் சொல்லும் பக்கத்துக் கூட்டணி ஆட்கள் வந்து ஊரைத் துடைத்துப் போட்டுவிடுவார்கள். பலர் அந்த முதல் அடியிலேயே வெறுத்துப்போய் விளையாட்டை விட்டுவிடுவார்கள். அத்தை அதற்கு ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார். குடை விழுந்ததும் கழுகுகளுக்கு முன்னால் தானே போய் அடிப்பார். சொல்லாமல் கொள்ளாமல். தானியத்தை வாரிக்கொண்டு வந்துவிடுவார். கொஞ்ச நேரத்தில் எடுத்ததை எல்லாம் திருப்பி அனுப்பி, எந்த மூலையில் மதில் பலவீனம், எந்தக் கிடங்கை மறைக்கவில்லை என்று ஒரு கடிதமும் போடுவார்.

"சொல்லிட்டு அடிச்சா அது நாடகம். முதல் அடி தெரிஞ்சவங்க கையால விழட்டும், வலி கம்மியா இருக்கும்."

அவர் பாடத்தில் தளர்வே இல்லாத விதி இன்னொன்று உண்டு. காவலுக்கு ஒற்றை ஆளை நிறுத்தக்கூடாது. யாராவது அப்படி நிறுத்திவிட்டால் போச்சு, படிக்கட்டு அதிரும். "ஒத்த ஆள் காவல் இல்லீங்க, பலி! அவன் பாவம் உங்கள சும்மா விடாது. நிறுத்தினா படையா நிறுத்துங்க, இல்ல கதவத் திறந்து வெச்சுட்டுப் போங்க!"

அந்த முதல் அடி வைத்தியத்தில்தான் அணிலை இழந்தார்.

அணில் என்பது விளையாட்டில் வைத்துக்கொண்ட பெயர். ஆணா பெண்ணா, வயசென்ன, ஒன்றும் தெரியாது. காலையில் வந்து கேள்வி கேட்டுக் குடைந்துவிட்டுப் போகும். கேள்விக்கு முன்னால் ஒரு மன்னிப்பு, பின்னால் ஒரு மன்னிப்பு. "எதுக்கு சும்மா சும்மா சாரி கேக்கறீங்க?" என்று அத்தை ஒருநாள் கடிந்துகொண்டார். அதற்கு வந்த பதில்: "பழகிடுச்சு அத்தை. இங்க மட்டும்தான் என்னை யாரும் திட்டல."

அந்த வரியைப் படித்துவிட்டு அத்தை டிபன் பாக்ஸை மூடிவைத்துவிட்டார்.

அணிலின் குடை ஒரு மதியத்தில் விழுந்தது. வழக்கம்போல அத்தை அடித்தார், தானியத்தை வாரினார். திருப்பி அனுப்பக் கை வைக்கும்போது கீழேயிருந்து கத்தல். இரண்டு வண்டிகள் மோதி, வரிசையாக ஸ்ட்ரெச்சர்கள். போனை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடினார். கை, கால், விலா, மண்டை. "மூச்ச இழுத்துப் பிடிங்க" என்று சொன்னால் அழத்தான் முடிந்தது அவர்களால். மேலே வந்து சிக்னல் பிடித்தபோது பொழுது சாய்ந்திருந்தது. அணிலிடமிருந்து ஒரே ஒரு வரி.

"நீங்களுமா அத்தை?"

எடுத்ததைப் போல இரண்டு மடங்கு அனுப்பினார். கடிதம் மேல் கடிதம் போட்டார். நடந்ததை எல்லாம் எழுதினார், வேலையைப் பற்றி, ஸ்ட்ரெச்சர்களைப் பற்றி, படிக்கட்டைப் பற்றி. எந்தக் கடிதத்தின் மேலும் படித்ததற்கான அடையாளம் விழவில்லை. அணில் அதன் பிறகு வரவே இல்லை.

ஆள் வராத ஊர் கொஞ்ச நாளில் தானாகவே பாழாகி, வரைபடத்திலிருந்து மறைந்துவிடும். நட்பு ஊரின் காவல் ஒரு ஆளாவது உள்ளே இருக்கிறவரைதான் அது நிற்கும். அத்தை தன் படை முழுவதையும் கொண்டுபோய் அணிலின் ஊரில் நிறுத்தினார். திரும்பி வருகிற அன்றைக்கு ஊர் இருக்கவேண்டும், வாசலில் கடிதங்கள் இருக்கவேண்டும். அது ஒன்றுதான் அவருக்கு வேண்டியது. இதில் அவருடைய சொந்த ஊர் காவலில்லாமல் வாரத்துக்கு இரண்டு தடவை கொள்ளை போகிறது. போகட்டும் என்று விட்டுவிட்டார்.

கூட்டணித் தலைவர் நயமாகவும் சொன்னார், முகத்தில் அடித்தாற்போலவும் சொன்னார். "அத்தை, அது செத்த ஊரு. படைய எடுத்துடுங்க."

"டாக்டர் சொல்லுவாரு" என்றார் அத்தை. எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

வீட்டிலும் இதே கதைதான். தையல் மிஷின் வைத்த சின்ன அறை அவருடையது. கட்டிலில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருப்பவரிடம் அண்ணி முதலில் கிண்டலாகத்தான் ஆரம்பித்தாள்.

"அங்க தானியம் அனுப்பியாச்சா? இங்க அரிசி தீந்து ரெண்டு நாளாச்சு, அதையும் கொஞ்சம் கவனிங்க."

அத்தை போனிலிருந்து கண்ணை எடுக்காததைப் பார்த்துப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "யாரு அது? தெரிஞ்சவங்களா?"

"தெரியாது."

"தெரியாதவங்களுக்கா இப்படி மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கிட்டு இருக்கீங்க?"

"இல்ல அண்ணி, வெறும் விளையாட்ட மட்டும் விட்டுட்டுப் போயிருந்தா பரவாயில்ல" என்றார் அத்தை. அதற்கு மேல் பேச அவருக்குப் பயமாக இருந்தது. அண்ணி எழுந்து போனாள். தட்டில் சோற்றைப் போட்டு அங்கேயே கொண்டுவந்து வைத்தாள்.

அணிலுக்குப் பிறகு அத்தை யாரையும் அடிக்கவில்லை. கையே எழவில்லை. அதற்குள் இரண்டு பேருக்குக் குடை விழுந்தது. இருவரையும் கழுகுகள் கொத்தித் தீர்த்தன. ஒருவர் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அடித்தாலும் போகிறார்கள், அடிக்காவிட்டாலும் போகிறார்கள். என்னத்தைச் சொல்ல!

இப்போது பஸ் டிரைவரின் முறை. குடை விழுவதற்கு முதல் நாள் அவரே ஆரம்பித்தார்.

"நாளைக்கு நீங்க வருவீங்கல்ல அத்தை? மத்தவங்க சொன்னாங்க."

"நான் அதெல்லாம் விட்டுட்டேன் அண்ணே."

"அப்படிச் சொல்லாதீங்க. வண்டி கத்துக்கும்போது முதல் உரசல், கத்துக்குடுக்கறவர் பக்கத்துல இருக்கும்போதே விழுந்துடணும். அப்பதான் பயம் போகும். எவனோ முகம் தெரியாதவன் வந்து அடிச்சா நான் எழுந்திரிக்க மாட்டேன். எனக்கு வீட்டுல பேச ஆளில்ல அத்தை. இதுவும் போச்சுன்னா பொழுதே போகாது."

அடிக்க வேண்டுமென்றால் படை வேண்டும். படை அணிலின் ஊரில் நிற்கிறது. அங்கிருந்து டிரைவரின் ஊர் கூப்பிடு தூரம்தான். ஆனால் எடுத்துவிட்டால் அணிலின் ஊர் அன்றைக்கே போய்விடும், கடிதங்களோடு.

மறுநாள் காலை முழுவதும் படங்கள் எடுத்தார். ஒரு பெரியவரைக் கதவுவரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். மதியம் படிக்கட்டில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறக்காமலே போனைத் திறந்தார். டிரைவருக்குக் குடை விழுந்திருந்தது. கழுகுகள் கிளம்பிவிட்டதாகக் கூட்டணியில் எச்சரிக்கை. முதலில் அணிலின் ஊருக்குப் போய்ப் பார்த்தார். கடிதங்கள் போட்டது போட்டபடி கிடந்தன.

அப்புறம், இத்தனை காலத்தில் முதல்முறையாக, அடிக்கப்போகிறவருக்கு முன்கூட்டியே ஒரு வரி தட்டினார்: "அண்ணே, வர்றது நான்தான். எடுக்கறது எல்லாம் உடனே திரும்பி வரும். நடுவுல நான் காணாமப் போனாலும் போயிடாதீங்க, கீழ பேஷன்ட் வந்திருப்பாங்க."

"வாங்க அத்தை" என்று பதில் வந்தது.

"சிஸ்டர், ஆள் வந்தாச்சு!" கீழேயிருந்து ஆயா குரல் கொடுத்தார்.

"இதோ வந்துட்டேன், ஒரு நிமிஷம்."

அணிலின் ஊரிலிருந்து எத்தனை பேரைக் கிளப்புவது என்று திரை கேட்டது. அத்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு, விரலால் எண்ணிக்கையைக் கடைசிவரை தள்ளினார். எல்லோரும். பிறகு விரலைத் திரும்பக் கொண்டுவந்து, ஒன்றே ஒன்று குறைத்தார்.